குண்டோதரனும் 0.1 கிராம் தராசும்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

உள்ளங்கையில் அடங்குகிற டிஜிட்டல் தராசு. அட்டைப்பெட்டியின் மேல் நகை, நாணயம், மூலிகை, தபால் உறை என்று நிறுக்கக்கூடியவற்றின் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தவளைப் படம் இல்லை. நான் வாங்கியது தவளைக்காகத்தான். இரண்டு வருடமாக ஒரே ஒரு தவளையைத் தவிர வேறு எதையும் இதில் வைத்து நிறுத்ததில்லை. தங்கம் நிறுப்பவர்கள் இத்துடன் வேறு விமர்சனத்துக்குப் போய்விடலாம்.

தவளையின் பெயர் குண்டோதரன். ஒயிட்ஸ் மரத்தவளை என்ற இனம். ஆஸ்திரேலியாவும் நியூகினியும் பூர்வீகம். பச்சை நிறம், உருண்டை உடம்பு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம். வந்த புதிதில் கொடுத்த பூச்சியையெல்லாம் விழுங்கிவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கு மேலேயும் இருப்பான் என்று படித்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன். அப்படியென்றால் 15 வருடம் கவலைப்படவும் வேண்டும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கே தெரியும். முனகும், சுருண்டு படுக்கும், கூப்பிட்டால் வராது. தவளை அப்படியில்லை. நல்ல ஆரோக்கியமான மரத்தவளை பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாகக் கிடக்கிற மரத்தவளையும் கிட்டத்தட்ட அதையேதான் செய்யும். காட்டில் பலவீனத்தை வெளியே காட்டினால் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான் என்பதால் கடைசி வரை மறைத்தே பழகிய பிராணி. இந்த இரண்டு சும்மா இருத்தலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்த மணிநேரங்களைக் கூட்டினால் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

வந்த ஐந்தாம் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். வாயை அகலத் திறந்து திறந்து மூடினான். முதுகை வளைத்தான். முன்காலால் தலையைத் தேய்த்தான். கண் இரண்டும் உள்ளே போய்ப் போய் வந்தன. வலிப்பு என்று நினைத்து அம்மாவை எழுப்பிவிட்டேன். அம்மா வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தாள். “வாயில என்னமோ தொங்குதேடி” என்றாள். கடைவாயோரம் ஈரமான மெல்லிய பாலிதீன் மாதிரி ஒன்று. அதை உள்ளே இழுத்து விழுங்கினான். தோலை உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். தவளைகளுக்கு அது வழக்கம். கண்ணை உள்ளே இழுப்பதும் விழுங்குவதில் ஒரு பகுதி. கண்விழி உள்ளே இறங்கித் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்தது நிறம். ஒரு நாள் காலையில் பார்த்தால் பச்சை போய்ச் சேற்றுப் பழுப்பாக உட்கார்ந்திருந்தான். குளிர், ஈரம், வெளிச்சம், மனநிலை என்று எதற்கு வேண்டுமானாலும் இவர்கள் நிறம் மாறுவார்கள். இதன் அறிவியல் பெயரில் ‘நீலம்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. 1790இல் ஜான் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்தபோது, பாடம் செய்து வைத்திருந்த தவளை நிறம் கெட்டு நீலமாகிவிட்டிருந்ததாம். முதல் ஆளே நிறத்தில் ஏமாந்திருக்கிறார், நான் எந்த மூலைக்கு?

இப்படி வாரத்துக்கு ஒரு நோயாக நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பல வருடமாகத் தவளை வளர்க்கும் ஒருவர் சொன்னார்: “முறைச்சுப் பார்க்கிறதை விடுங்க. எடை போட்டு எழுதி வைங்க.” அன்றைக்கே இந்தத் தராசை வாங்கினேன்.

சரி, தராசுக்கு வருகிறேன்.

இது 200 கிராம் வரை தாங்கும், 0.1 கிராம் வரை காட்டும். தவளைக்கு இந்த அளவு போதும். 0.01 கிராம் காட்டுகிற மாடலும் இருக்கிறது, அதற்கு ஆசைப்படாதீர்கள். ஒரு நண்பரின் தராசில் குண்டோதரனை வைத்துப் பார்த்தேன். அவன் தொண்டை துடிக்கிற துடிப்புக்கே கடைசி இலக்கம் நிற்காமல் ஆடியது. எந்த எண்ணை எழுதுவது? மறுபக்கம், ஒரு கிராம் ஒரு கிராமாக மட்டும் காட்டும் சமையலறைத் தராசு தோதுப்படாது. இவன் எடையே 60 கிராமுக்குள்தான். சின்ன இறக்கம் அதில் தெரியவே தெரியாது. தவிர, தவளைகள் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் சமையலறைச் சாமான் எதையும் இவர்கள் பக்கம் கொண்டுவரவே கூடாது. தராசு தனி, பெட்டி தனி, துடைக்கிற துணி தனி. கையை முன்னும் கழுவ வேண்டும், பின்னும் கழுவ வேண்டும். முன்னால் கழுவுவது அவனுக்காக. சோப்பு, உப்பு, கிரீம் எது கையில் இருந்தாலும் அந்தத் தோல் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சோப்பு வாடை போகும்வரை அலச வேண்டும்.

தட்டு ரொம்பச் சின்னது. மேலே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, பிறகு தவளையை உள்ளே விட வேண்டும். இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அழகாக இருக்கிறதே என்று முதலில் கண்ணாடிக் கிண்ணம் வைத்தேன். டேர் அழுத்தினால் திரையில்தான் பூஜ்யம். கிண்ணத்தின் எடையைத் தராசு சுமந்துகொண்டுதான் இருக்கும். தவளையை விட்டதும் 200ஐத் தாண்டி, எண்ணுக்குப் பதிலாக ஏதோ எழுத்துகளைக் காட்டியது. இப்போது வைத்திருக்கும் டப்பா 82.6 கிராம். மூடியில் காற்றுக்குத் துளை போட்டிருக்கிறேன், அடியில் ஈரத் துணி ஒன்று.

இந்தத் தராசின் மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு: தானாக அணைவது. ஒரு நிமிடம் எதுவும் அசையாவிட்டால் அணைந்துவிடுகிறது. நகை நிறுப்பவருக்கு ஒரு நிமிடம் தாராளம். எனக்கு? டேர் போட்டு, கையை ஈரமாக்கி, தொட்டியைத் திறந்து, இலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பவனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து பிரித்து எடுத்து வருவதற்குள் திரை கறுத்துப் போயிருக்கும். மறுபடி ஆன் செய்தால் அது டப்பாவையும் தவளையையும் சேர்த்தே பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. இதற்கு ஒரே வழி, தவளையை முதலில் டப்பாவில் விட்டுவிட்டு, தராசை ஆன் செய்து, மொத்தமாகத் தூக்கி வைத்து, டப்பாவின் எடையை மனக்கணக்கில் கழிப்பது. 82.6ஐக் கழிப்பதில் நான் இப்போது கெட்டிக்காரி.

மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றுக்கு 0.3, 0.4 வரை ஆடும். பேட்டரி தீரும் சமயத்தில் எச்சரிக்கை எதுவும் தராமல் தவறான எடை காட்டுகிறது. சோதிக்க 100 கிராம் எடைக்கல்லைத் தராசுடன் தருவதில்லை, தனியாக வாங்கினேன். மாதம் ஒரு முறை வைத்துப் பார்ப்பேன்; 100.0 அல்லது 99.9 காட்டும். ஒரு தடவை 98.7 காட்டியது. பேட்டரியை மாற்றியதும் சரியானது. அந்த எடைக்கல் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்.

ஓடியிருப்பேன் என்று சும்மா சொல்லவில்லை. வாங்கிய இரண்டாவது வாரம், ராத்திரி இரண்டு மணி. தூக்கம் வராமல் எழுந்துபோய் எடை போட்டேன். 2.1 என்று காட்டியது. போன தடவை 58.4. கை நடுங்கிவிட்டது. அவனோ டப்பாவுக்குள் முழு உருண்டையாக உட்கார்ந்து என்னைப் பார்க்கிறான். தவளை அப்படியே இருக்க எடை மட்டும் எங்கே போகும் என்ற சின்னப் பகுத்தறிவுகூட அந்த நேரத்தில் வரவில்லை. தம்பிதான் எழுந்துவந்து, “அக்கா, அவுன்ஸ்ல இருக்கு” என்றான். அளவை மாற்றும் பட்டன் டேர் பட்டனை ஒட்டியே இருக்கிறது. ஈர விரலால் அழுத்தியிருக்கிறேன். வடிவமைத்தவருக்கு ஒரு குட்டு. அம்மா படுத்தபடியே, “ராத்திரி ரெண்டு மணிக்குத் தவளையை நிறுக்கிற வீடு இது ஒண்ணாத்தான் இருக்கும்” என்றாள்.

தினமும் நிறுப்பது தப்பு என்பதும் இந்தத் தராசு சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு நாள் ஒரே மணி நேரத்தில் 2.9 கிராம் குறைந்தான். காரணம் டப்பாவின் அடியிலேயே இருந்தது. தவளைகள் வயிற்றுத் தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிச் சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும், பிடித்தால் பீய்ச்சிவிடும். அவனைத் தொட்டியில் விட்டுவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்ததை மட்டும் நிறுத்தேன். சரியாக 2.9. அதுவரை எழுதி வைத்திருந்த தினசரி ஏற்ற இறக்கமெல்லாம் பெரும்பாலும் மூத்திரக் கணக்கு. அதன் பிறகு வாரம் ஒரு முறை மட்டும்: ஞாயிறு சாயங்காலம், விழித்ததும், இரை போடுவதற்கு முன். பிடிக்கும்போது பீய்ச்சினானா இல்லையா என்று எண்ணுக்குப் பக்கத்தில் ‘மூ’ என்று ஒரு குறி.

இனி, இந்தத் தராசுக்கு நான் கடன்பட்ட கதை.

போன வருடம் குண்டோதரன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிரிக்கெட் பூச்சியை இடுக்கியில் பிடித்து நானே கொடுப்பதால் சாப்பிட்டதில் சந்தேகமே இல்லை. ராத்திரி தாவினான், கண்ணாடியில் ஏறினான், நிறம் பளிச்சென்ற பச்சை. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நோட்டில் மட்டும் 58.4, 57.6, 56.1, 54.3 என்று இறங்கியது. மூன்று வாரத்தில் 4.1 கிராம். கேட்டால் அற்பமாக இருக்கும். நூற்றுக்கு ஏழு பங்கு அது. 60 கிலோ ஆளுக்கு நாலு கிலோவுக்கும் மேல். சாப்பிட்டுக்கொண்டே இளைக்கிறான். வருடக்கணக்கில் இல்லாத நோயையெல்லாம் கண்டுபிடித்துப் பயந்தவள் நான். நிஜமாக ஒன்று வந்தபோது என் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

முதலில் போன கிளினிக்கில் டாக்டர் டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “சுறுசுறுப்பாத்தானே இருக்கு” என்றார். நோட்டைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன். இரண்டாவதாகப் போனது நீர்நில வாழ்விகளைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டரிடம். அவர் கேட்ட முதல் கேள்வி, “போன மாசம் எடை எவ்வளவு?” நோட்டை நீட்டினேன். முழுதாக ஒரு பக்கம் படித்தார். ‘மூ’ என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தராசு பார்க்காததையெல்லாம் அவர் பார்த்தார். மாவு பூசாத கையுறையைத் தண்ணீரில் அலசிவிட்டு அவனை எடுத்தார். மல்லாக்கப் போட்டு, உடனே புரள்கிறானா என்று பார்த்தார். அரை விநாடிகூட ஆகவில்லை, புரண்டு முறைத்தான். தொடையின் உள்பக்கமும் அடிவயிறும் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் கலந்தால் அங்கேதான் சிவக்கும், சிவப்புக்கால் நோய் என்று அதற்குப் பெயர். விரலால் தாடையை மெல்ல அழுத்தினார். கால்சியமும் வைட்டமின் டி3யும் போதாமல் போனால் தாடை எலும்பு ரப்பர் மாதிரி வளையுமாம். காதுக்கு மேலே இருக்கும் சதை மேட்டைக் காட்டி, “இந்த வரப்பு சப்பையானா இளைச்சிருக்குன்னு அர்த்தம். கண்ணு மேல தொங்கினா கொழுத்திருக்குன்னு அர்த்தம்” என்றார். குண்டோதரன் மேடு சற்றே தணிந்திருந்தது. தினம் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை.

எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உருளைப்புழு முட்டைகள், நிறைய. ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது அந்த ரகம் இல்லை. பஞ்சுக்குச்சியால் தோலையும் தடவி எடுத்து, கைட்ரிட் பூஞ்சை இருக்கிறதா என்று பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள்.

அந்த ஐந்து நாள் நான் படித்ததைப் படித்திருக்கக் கூடாது. 1990களின் கடைசியில்தான் அந்தப் பூஞ்சையை அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். தோலில் வளரும். தவளைக்குத் தோல்தான் பாதி மூச்சு, குடிக்கும் வாய், உப்புச் சமன். சோடியம், பொட்டாசியம் தடுமாறி இதயம் நின்றுபோகும். 2019இல் வெளியான ஆய்வு, இந்த நோயால் 501 இனங்கள் குறைந்திருக்கின்றன, அதில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அறிகுறிகள் என்று போட்டிருந்த வரிசையில் முதலில் வந்தது, அடிக்கடி தோல் உரிப்பது. எந்தத் தோல் உரிப்பைப் பார்த்துப் பயந்து, பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேனோ, அதையே மறுபடி பயத்தோடு எண்ண ஆரம்பித்தேன். ஆறாம் நாள் போன் வந்தது. பூஞ்சை இல்லை.

புழுவுக்கு மருந்து ஃபென்பெண்டசோல். அதை எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க முடியும். 54 கிராம் உடம்பில் தோராயம் என்பதற்கு இடமே இல்லை என்றார் டாக்டர். தொட்டியை முழுக்கக் காலி செய்து, ஈரப் பேப்பர் டவல் மட்டும் விரித்த பெட்டியில் அவனை வைத்து, தினம் மாற்றினேன். தண்ணீர் குளோரின் நீக்கியது. வெறுமனே ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், அதற்குப் பதிலாகச் சில இடங்களில் கலக்கும் குளோரமின் போகாது, அதற்குத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மருந்து ஊற்றியே ஆக வேண்டும். அடுத்த ஞாயிறு 53.9. இன்னும் இறங்கியதைப் பார்த்து வயிறு கலங்கியது. அப்புறம் 55.0. அப்புறம் 56.2. ‘மூ’ போட்டும் 56.2! இரண்டு மாதம் கழித்து 58.8.

தராசால் முடியாததும் இருக்கிறது. ஒரு வாரம் 3.6 கிராம் கூடினான். நான் கொண்டாடிக்கொண்டே போனில் சொன்னதும் டாக்டர் கேட்டார், “தொடையும் தொண்டையும் தண்ணி பலூன் மாதிரி இருக்கா பாருங்க.” சிறுநீரகம் கெட்டாலும் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும். தராசுக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான். நல்லவேளையாக, மதியம் முழுக்கத் தண்ணீர்த் தட்டில் ஊறியிருக்கிறான், அவ்வளவுதான். அதே மாதிரி வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கு ஒட்டாமல் இரையைத் தவற விடும். அது தராசில் தெரிவதற்கு வெகு நாள் முன்பே இடுக்கி முனையில் தெரிந்துவிடும். கண்ணில் வெள்ளைப் படலம், சிவந்த தொடை, புரள முடியாமை, பின்பக்கம் ஏதாவது வெளியே தள்ளியிருப்பது என்று எது தெரிந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தானாக அணைவதற்கு அரை, அவுன்ஸ் பட்டனுக்கு அரை. பேட்டரி மூடி போன மாதம் உடைந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, அதை இரண்டு முறை கீழே போட்டது குண்டோதரன்.

இந்த ஞாயிறு 59.3, மூ இல்லை. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. நான் ஊரில் இல்லாததால் அவளே நிறுத்து எழுதியிருக்கிறாள். கீழே இன்னொரு வரி: “முறைக்கிறான்.”